பஸ் போகும் தடம்: ஜவ்வாது முதல் கொல்லிமலை வரை, நாலு பேருக்கு நாலு நாள்

நண்பர்கள் சேர்ந்து காரில் மலைக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். அந்த இரண்டுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் அதே நடைமுறை. பாஸ் எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பாஸ் வைத்து எண்ண வேண்டிய அளவுக்கு அங்கே வண்டிகள் ஏறுகின்றன. சனிக்கிழமை அறை வாடகையும் அந்தக் கூட்டத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும்.

கிழக்கே திரும்பிப் பார்த்தால் கதையே வேறு. வேலூர்ப் பக்கம் ஜவ்வாதில் தொடங்கி நாமக்கல் பக்கம் கொல்லி வரை கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாக நிற்கிறது. ஒரு மலையை விட்டு இறங்கி, சமவெளியில் ஓடி, அடுத்த மலையில் ஏற வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்தத் துண்டுபட்ட அமைப்பே பெரிய உதவி. பெட்ரோலும் சாப்பாடும் சமவெளி ஊர்களில் சமவெளி விலைக்குக் கிடைக்கும். வேண்டுமென்றால் இரவையும் அங்கேயே கழிக்கலாம். மலையில் காசு செலவாகும் இடங்களே குறைவு.

இங்கே சொல்லப்போகும் தடம் இது: வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர். அங்கிருந்து பரமனந்தல் வழியாக இறங்கி செங்கம், சாத்தனூர் அணை, கள்ளக்குறிச்சி. மறுபடி கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை, கருமந்துறை. வாழப்பாடிப் பக்கம் இறங்கி ஆத்தூர், மல்லியக்கரை, மெட்டாலா. கடைசியாக முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை ஏறி, காரவள்ளிப் பக்கம் எழுபது வளைவுகளில் இறங்கி நாமக்கல். வாணியம்பாடி முதல் நாமக்கல் வரை சுமார் 400 கி.மீ. சென்னையிலிருந்து கிளம்பித் திரும்பினால் மொத்தம் ஆயிரத்தை ஒட்டி வரும். சேலம், திருச்சி, பெங்களூர்க்காரர்களுக்கு அதைவிடக் குறையும்.

தடத்தை எப்படித் தேர்வது

மலைக் கிராமச் சாலைகளில் கைபேசி வரைபடத்தை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே கோடு இருந்தால் அது தார்ச்சாலையா, வனத்துறையின் மண்தடமா, மழையில் அரித்துப்போன ஜல்லிப் பாதையா என்று அது பார்ப்பதில்லை. தூரம் குறைவு என்றால் அந்த வழியைக் காட்டிவிடும். பாதி ஏறிய பிறகு பள்ளத்தில் அடிப்பாகம் தட்டும், திருப்ப இடம் இருக்காது. நாலு பேர் இறங்கிக் கல் அடுக்கி வண்டியை மீட்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

இதற்கு ஒரே சோதனை பஸ். அரசு பஸ்ஸோ மினி பஸ்ஸோ நாள்தோறும் ஓடும் சாலையில் எந்தச் சின்னக் காரும் போகும். அடிவார ஊரின் பஸ் நிலையத்தில் இறங்கிக் கேட்டுவிடுங்கள். "இந்த வழியா பஸ் போகுதாண்ணே? இன்னைக்கு வந்துச்சா?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். மழைக்காலத்தில் நேற்று போன பஸ் இன்று போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ ஓட்டுநர், நடத்துநர்களுக்குத்தான் முதலில் தெரியும். வரைபடம் அதைக் காட்ட நேரமாகும்.

பாலங்களையும் இதே போல விசாரிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில், அப்போதுதான் புதிதாகக் கட்டித் திறந்திருந்த அகரம்பள்ளிப்பட்டுப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. தென்பெண்ணையைக் கடக்கும் எந்தச் சின்னச் சாலையிலும், பெருமழை முடிந்த ஒரு மாதத்துக்காவது கேட்காமல் இறங்கக் கூடாது.

வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஜவ்வாதிலும் கல்வராயனிலும் சிக்னல் நீண்ட தூரத்துக்கு இருக்காது. நாலு பேரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் போகும். ஒருவரிடமாவது பிஎஸ்என்எல் இருப்பது நல்லது.

கிலோமீட்டரில் எண்ணாதீர்கள்

நெடுஞ்சாலையில் 60 கி.மீ. என்றால் ஒரு மணி நேரம். மலையில் மணிக்கு 25 கி.மீ. என்று போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில்தான் பஸ்ஸுக்கு ஒதுங்க முடியும், ஆடு மாட்டுக்கு நிற்க முடியும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்சியும் தெரியும். இன்னொரு விதி: மாலை ஐந்தரைக்கு மேல் மலைச்சாலையில் வண்டி ஓடக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்திலேயே மலையின் கிழக்குச் சரிவு இருட்டத் தொடங்கிவிடும். பனி இறங்கினால் வளைவில் ஓரக்கல்கூடத் தெரியாது.

இந்த இரண்டையும் வைத்துப் போட்ட கணக்குதான் நாலு நாள். மூன்று நாளில் முடிக்க வேண்டுமென்றால் கல்வராயனை விட்டுவிடுங்கள். மூன்று மலைகளையும் மூன்று நாளில் அடைத்தால் காருக்குள் உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் நிற்கும்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பினால் ஒன்பதுக்குள் வாணியம்பாடி. அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு ஆலங்காயம் தாண்டினால் மலை ஏற்றம். வழியில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் அடையாளம் பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுமக்களை எல்லா நாளும் விடமாட்டார்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் என்று முன்பே விசாரித்துவிட்டுப் பயணத் தேதியையே அதற்கேற்ப வைப்பது சரி. கதவு வரை போய்த் திரும்புகிறவர்கள் நிறைய.

அன்றிரவு ஜமுனாமரத்தூர். அறைகள் குறைவு என்பதால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். வெளிச்சம் மிச்சமிருந்தால் பீமன் அருவியைப் பார்த்துவிடலாம். ஜவ்வாதுச் சாமை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிப்பது. உள்ளூர்க் கடையில் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். போளூர்ப் பக்கம் கீழ்ச்சேப்பிளியில் பெருங்கற்காலக் கல்வீடுகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் 'வாலியர் வீடு' என்பார்கள். அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்கினால்தான் உண்டு.

இரண்டாம் நாள் எளிது. பரமனந்தல் வழியாகச் செங்கம், பிறகு சாத்தனூர் அணை. அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது, பூங்கா இருக்கிறது. மதியத்துக்கு அங்கேயே பொரித்துத் தரும் மீன் இருக்கிறது. மீனைக் கண்முன் எடுத்து மசாலா தடவச் சொல்லி, விலையை முதலிலேயே பேசிவிடுங்கள். மாலைக்குள் கள்ளக்குறிச்சி. பௌர்ணமி நாளிலும் கார்த்திகைத் தீபத்தை ஒட்டியும் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சாலைகள் நிரம்பி வழியும். செங்கம் சாலைக்கும் அது பொருந்தும் என்பதால் தேதி வைக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள்.

மூன்றாம் நாள்தான் கடினமானது. ஏறக்குறைய 195 கி.மீ., ஓட்டும் நேரம் மட்டும் ஏழு மணி. காலை ஆறுக்குக் கிளம்பிக் கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை. வழியில் பெரியார் அருவி. மேகம் அருவிக்கு நடக்க வேண்டும், அதற்கு நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்வராயனில் கள்ளச்சாராயத் தடுப்புக்காக வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது வழக்கம். ஆர்சி, காப்பீடு, புகைச்சான்று, உரிமம் நான்கும் கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பது செல்லும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது. வீட்டிலேயே கைபேசியில் இறக்கி வையுங்கள்.

வெள்ளிமலைக்கும் கருமந்துறைக்கும் நடுவே உள்ள நீட்டம்தான் இந்தப் பயணத்தின் உயிர். மரவள்ளிக் கொல்லை, கடுக்காய் மரம், ஓடை, பத்துப் பதினைந்து வீடுகள், மறுபடி கொல்லை. பார்வையிடம் என்று பலகை வைத்த இடம் ஒன்றும் இல்லை, சாலை முழுக்கவே பார்வையிடம்தான். இங்கே மெதுவாகப் போங்கள். நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஆத்தூர்ச் சமவெளியில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆத்தூரைத் தொடும்போது மணி பாருங்கள். மதியம் இரண்டரைக்கு முன் என்றால் நேராக முள்ளுக்குறிச்சி போய் ஏறலாம். அதைத் தாண்டிவிட்டால் ஆத்தூரிலேயே அறை எடுத்து, விடியற்காலையில் ஏறுங்கள். கொல்லிமலையில் முன்பணம் கட்டிவிட்டோமே என்று இருட்டில் ஏறுவதுதான் பலர் செய்யும் தவறு. இதற்காகவே அந்த ஓர் இரவுக்கு மட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள்.

பணம்

நாலு பேர், 1.2 லிட்டர் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 20 என்று சொல்லும் மைலேஜ், நாலு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டிக்கு மலையில் 12, நெடுஞ்சாலையில் 17 என்று இறங்கிவிடும். 400 கி.மீ.க்கு 33 லிட்டர், 600 கி.மீ.க்கு 35 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் மொத்தம் 7,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு 1,750. மூன்று இரவுக்கு ஆளுக்கு 500 வீதம் 1,500. இந்த விலைக்குச் சுத்தமான அறை கிடைக்கும், குளிர்சாதனத்தை எதிர்பார்க்காதீர்கள். குளிர்காலத்தில் அது தேவையும் இல்லை. சாப்பாடு நாளுக்கு 400 வீதம் 1,600. சுங்கம், நுழைவுக் கட்டணம், பார்க்கிங்குக்கு 350. பஞ்சர், மருந்து போன்றவற்றுக்குக் கைக்காப்பாக 500. ஆளுக்கு 5,700 ரூபாய்.

சொந்தக் காரைக் கொண்டுவருகிறவரிடம் பெட்ரோல் பங்கு வாங்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. டயர் தேய்வதும் கிளட்ச் தேய்வதும் அவர் கணக்கில்தான் போகும். மற்ற மூவரும் ஆளுக்கு 580 ரூபாய் கூடுதலாகப் போட்டால் அது நேராகிவிடும். இதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பேசி முடியுங்கள், பயணத்தின் நடுவில் பேசினால் கசப்பாகிவிடும்.

ஒருவரைக் கஜானாவாக வைத்து எல்லோரும் முழுப் பணத்தையும் முதலிலேயே அவரிடம் போட்டுவிட வேண்டும். டீ முதல் பெட்ரோல் வரை அவர் கையால்தான் போக வேண்டும். அதில் 6,000 ரூபாய் ரொக்கமாக, நூறும் ஐம்பதுமாக இருக்கட்டும். சிக்னல் இல்லாத மலைக்கடையில் கியூஆர் அட்டை இருந்தும் பயனில்லை. ஏடிஎம்மைச் சமவெளி ஊர்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் அப்படியே. வாணியம்பாடி, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் மூன்று இடங்களிலும் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்புங்கள்.

வாடகைக் கார் என்றால் நம்பர் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை நாள் வாடகைக்குக் குறைந்த விலையில் தருகிறேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அதுவே காரணமாகும். மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

வண்டி

ஐந்து பேர் ஏற இடம் இருந்தாலும் நாலு பேர் போங்கள். ஐந்தாவது ஆள் ஏறினால் இரண்டாம் கியரில் ஏறும் வளைவுகளில் முதல் கியர் போட வேண்டிவரும், பின்பக்கமும் தணியும். ஆளுக்கு ஒரு துணிப்பை போதும். சக்கரம் வைத்த பெட்டிகள் டிக்கியில் இடத்தை அடைத்துக்கொள்ளும். பஞ்சரானால் எல்லாவற்றையும் சாலையில் இறக்கி வைத்துத்தான் ஸ்டெப்னியை எடுக்க முடியும்.

பத்து நாள் முன்பே பார்க்க வேண்டியவை: பிரேக் பேட் தடிமன், பிரேக் ஆயில், கூலன்ட், நாலு டயரோடு ஸ்டெப்னியும். பிரேக் ஆயிலைத்தான் பலரும் மறப்பார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது சூட்டில் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழ் கடத்தாது. பெடல் மெத்தென்று தரை வரை போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. இரண்டு வருடம் ஆகியிருந்தாலோ ஆயில் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்கு மாறியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். செலவு பெரிதாக வராது.

டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்குக் கொடுத்த அளவுக்கு, வண்டி குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நட்டு இறுகிப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன பம்ப், டார்ச், கயிறு, ஐந்து லிட்டர் தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும்.

ஏற்றமும் இறக்கமும்

குறுகிய சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதில்லை, விதியே அதுதான். பாதி ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது கடினம். வளைவில் பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்பே, ஒரு வண்டி நீளம் தள்ளி நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடியுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கினால் பத்து நிமிடத்தில் கருகிய வாடை வரும், ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

வயிறு புரட்டுகிறவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். ஏறுவதற்கு முன் இட்லி இரண்டு போதும், பூரியும் பொங்கலும் வேண்டாம். வாந்தி மாத்திரையை அரை மணி முன்பே போட வேண்டும். ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது, தூக்கம் வரும். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. முந்தின இரவு குடித்தது காலை ஆறு மணிக்கும் உடம்பில் இருக்கும் என்பதால் மாறி மாறி ஓட்டும் இருவரும் நாலு நாளும் தொடாமல் இருப்பதுதான் சரி.

கொல்லிமலையில் செம்மேடுதான் தலைமை ஊர். விடுதிகள் அங்கும் வாசலூர்ப்பட்டியிலும் உண்டு. நாலாம் நாள் காலை, ஆகாய கங்கை அருவிக்குத் திறந்ததும் முதல் ஆளாக இறங்குங்கள். ஆயிரம் படிகளுக்கு மேல். இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி என்று வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே அறப்பளீஸ்வரர் கோயிலில் இருந்துவிடலாம். மழை பலமாக இருந்தால் அருவிக்கு விட மாட்டார்கள். வேறு வழியில் இறங்க முயல வேண்டாம், மேலே பெய்த மழை கீழே வந்து சேரக் கொஞ்ச நேரமே போதும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அருவியில் தண்ணீரும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். ஏப்ரல், மேயில் பாறைதான் மிஞ்சும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். விழாவைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

திரும்பும்போது சோளக்காட்டில் நிறுத்தி மிளகும் மலைவாழையும் வாங்குங்கள். முடவாட்டுக்கால் என்னும் மலைக்கிழங்கில் வைக்கும் சூப்பைக் குடித்துப் பாருங்கள், மலையின் குளிருக்கு அது தனிச் சுவை. பேரம் பேசி விலையைக் குறைக்க வேண்டாம். இந்த நாலு நாளில் உங்கள் பணம் நேராக மலைக்காரர்கள் கைக்குப் போகும் இடங்கள் இப்படிச் சிலதான்.

பிறகு எழுபது வளைவு. ஏறிய வழியைவிட இந்தப் பக்கம் இறங்கச் சொல்வதற்குக் காரணம், சமவெளி முழுக்கக் கண்ணெதிரே விரிந்தபடி வருவதுதான். இரண்டாம் கியரில் இறங்குங்கள், செங்குத்தான வளைவில் முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்பவர் யாராவது கூட வந்தால் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். கியரில் இறங்கும்போது காலை எடுத்தாலே இன்றைய எஞ்சின்கள் பெட்ரோல் விடுவதை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ளவே பெட்ரோல் குடிக்கும், வண்டியின் பாரம் முழுதும் பிரேக் மேல் விழும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இருக்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். இருபது வளைவுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கருகிய வாடை வந்தால் அரை மணி நிற்க வேண்டும். அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும்.

மதியம் ஒரு மணிக்குள் காரவள்ளியில் இறங்கிவிட்டால் நாமக்கல்லில் சாப்பிட்டு, ஓட்டுநரை மாற்றி, சென்னைக்குச் சுமார் 370 கி.மீ. பாக்கி. மூன்று மணியைத் தாண்டிவிட்டால் அன்றே வீடு சேர நினைக்காமல் சேலத்தில் ஓர் அறை எடுங்கள். அதற்குத்தான் அந்தக் கைக்காப்பு ஐந்நூறு.